நல்லதை மட்டும் அனுப்பலாம்

மனிதர்கள் சட்டைப் பையில் என்னென்ன வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், சார். மற்றவர்களுக்கு அது கற்பனை. நமக்கு அன்றாடப் பிழைப்பு.

நான் வேலை பார்த்த தேர்வு மையத்தில் யார் வந்தாலும் பையின் உள்துணி வெளியே தொங்கும்படி இழுத்துக் காட்ட வேண்டும். கசங்கிய பேருந்துச் சீட்டு வரும். பாதி கடித்த மிட்டாய் வரும். ஒருவர் பையிலிருந்து ஒரு பால்பல் வந்தது. மகளுடையதாம், ராசிக்கு வைத்திருக்கிறாராம். விதி விதிதான், லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனசு அப்படிப்பட்டது. "உன் மனச வெயில்ல வெக்காதடா, உருகி ஓடிடும்" என்பாள் என் அக்கா. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் முன்கோபி என்று யாராவது சொன்னால் அது பொய் என்பதற்கு ஆதாரமாக இருக்கட்டும். நான் கோபப்பட்டதே இல்லை. அன்றைக்கும் இல்லை.

மையம் ஒரு வணிகக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் எழுதும் பொதுத் தேர்வு அங்கே நடக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் எழுதினாலும் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி வெளிச்சம், ஒரே மாதிரி அமைதி. தரப்படுத்தப்பட்ட தேர்வு என்று அதற்குப் பெயர். கேள்விகளைத் தரப்படுத்துவது எங்கேயோ இருக்கும் பேராசிரியர்களின் வேலை. அமைதியைத் தரப்படுத்துவது என் வேலை. நான் செய்தது எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். ஆனால் உங்களுக்கு விவரம் வேண்டும் என்கிறீர்கள்.

நானும் இளமையில் ஒரு தடவை அதை எழுதியிருக்கிறேன். வந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மேற்படிப்பு என்ன, மேல்மாடிக்குக்கூடப் போக முடியாது என்றார் அப்பா. நான் போனேன். மூன்று மாடி ஏறி, கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை எழுத எனக்குத் தோன்றவில்லை. மறுபடி எழுதலாம் என்று சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. அதனால்தான் வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்வில் ஓர் அருமையான விதி உண்டு. பிடிக்கவில்லையென்றால் சில வாரம் ஆறப்போட்டு மறுபடி எழுதலாம். அதுவும் பிடிக்கவில்லையென்றால் மறுபடி. எழுதியவற்றில் எது நன்றாக வந்ததோ, அதை மட்டும் கல்லூரிக்கு அனுப்பலாம். மற்றவை கல்லூரிக்காரர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனை அவனுடைய நல்ல நாளை வைத்து மட்டும் எடைபோடுவது. இவ்வளவு கருணையான சட்டம் உங்கள் புத்தகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே நாளில் எழுதிச் சறுக்கியவர்கள் எல்லாருக்கும் காத்திருக்க வேண்டிய காலமும் ஒன்றுதானே. எல்லாரும் அவசரக்காரர்கள். ஆகவே ஒரே நாளில் தோற்றவர்கள் ஒரே நாளில் திரும்பி வருவார்கள். கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்ளும் தூரத்துச் சொந்தங்கள் மாதிரி, அசடு வழிய ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அவளும், நான் சுத்தியல் என்று பெயர் வைத்த ஒருவனும் அப்படித்தான் மறுபடி சந்தித்தார்கள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தடவை வந்தபோது அடையாள அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அன்று சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.

"பாலம் ஏன் விழுதுன்னு, சார்."

"விழாம இருக்கறது எப்படின்னு சொல்லுங்க. கேக்கறதுக்கு நல்லாயிருக்கும்."

"விழுந்தாத்தானே சார் ஏன்னு தெரியும்."

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு என் மனசுக்குள் அவளைப் பாலம் என்று அழைக்க ஆரம்பித்தேன். அவளுடைய அண்ணன் ஒருவர் அவளை வண்டியில் கொண்டுவந்து விடுவார், திரும்பக் கூட்டிப்போவார். சன்னல் வழியே பார்த்தால் எப்போதும் தலைக்கவசம் போட்ட ஒரு மண்டைதான் தெரியும். அதனால் அவருக்குத் தலைக்கவசம் என்று பெயர் வைத்தேன். பெயர் வைப்பது என் பொழுதுபோக்கு. பேசக் கூடாத அறையில் காலத்தை ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது.

அன்று அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞன். விசைப்பலகையைத் தட்டும்போது பலகையில் ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். அவன்தான் சுத்தியல். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அவளுடைய தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். 

முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். இந்த மதிப்பெண்ணை இப்போதே அனுப்பலாமா, வைத்திருந்து பிறகு அனுப்பலாமா, அழித்துவிடலாமா. மதிப்பெண் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டும். அவள் தயங்கவே இல்லை. அனுப்பு என்பதை அமுக்கி, கல்லூரிகளையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். பிறகுதான் மதிப்பெண் வந்தது. கையெழுத்துப் போட வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது.

"கணக்கு சொதப்பிடுச்சு சார். பரவால்ல, அனுப்பிட்டேன்."

"மறுபடி எழுதுங்க. நல்லதை மட்டும் அனுப்பிக்கலாம்."

"இதுவே போதும்னுதான் அண்ணன் சொல்றான்."

"அண்ணன் சொல்லுவாரு. வெளிய வண்டியில உக்காந்திருக்கறவருக்கு என்ன தெரியும். எழுதறது நீங்கதானே."

 அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ஒரு மனிதனுக்கு நல்லது செய்தால் வரும் நிறைவு, வேறொன்றுமில்லை.

அவள் இரண்டாம் தடவை வந்த காலையில் சுத்தியலும் வந்தான். இருக்கையை மாற்ற முடியாது. அதைக் கணினி முடிவு செய்யும். அவனுக்கு மறுபடி அவள் பக்கத்து இருக்கையே விழுந்திருந்தது. நான் அவனிடம் தன்மையாகத்தான் கேட்டேன். "தம்பி, கொஞ்சம் மெதுவா தட்டுவீங்களா?"

"பழகிடுச்சு சார். மெதுவா தட்டினா எனக்கு யோசனையே வராது."

அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எங்கள் லாக்கர்கள் பழைய இரும்பு. கதவு கனம். அவன் உள்ளே கையை விட்டுக் கைபேசியை அணைத்துக்கொண்டிருந்தான். நான் கதவை மூடினேன். விரல்கள் இருப்பதைக் கவனிக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினேன். கவனித்தேன், சார். இடது கையை எடுத்துவிட்டு வலது கையை விடும் வரை காத்திருந்துதான் மூடினேன். முதலில் கதவு முழுசாகச் சேரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பென்சில்களை ஒரு கட்டாக முறித்தால் ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அது. "சார், கை, சார், கை" என்றான். மரியாதை தெரிந்த பையன். அந்த நேரத்திலும் சார் போட்டான்.

கதவைத் திறந்தபோது இரண்டு விரல்கள் போகக் கூடாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்தான் துணி சுற்றினேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து வைத்ததும் நான்தான். அவன் வாந்தி எடுத்ததைத் துடைத்ததும் நானே. அவனுடைய தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வாதாடி வாங்கியும் கொடுத்தேன். இதையெல்லாம் நீதிமன்றத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், பாருங்கள்.

அன்றைக்கு அவளுடைய கணக்கு மதிப்பெண் ஏறியது. நன்றாகவே ஏறியது. நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாக நடந்துகொண்டேன் என்று நினைக்கிறீர்கள். ஒரு காரணத்தை அகற்றினேன், விளைவு மாறியது. இதற்குப் பெயர் அறிவியல்.

ஆனால் அன்றே இன்னொரு தொல்லை முளைத்தது. எங்களுக்கு மேலே நான்காவது மாடி காலியாகக் கிடந்தது. அதை ஒரு பல் மருத்துவர் எடுத்திருந்தார். அவர் வருவதற்கு முன்பே துளை போடுகிற சத்தம் வந்துவிட்டது. சுவரில் ஏதோ மாட்டுவதற்காக ஒரு தொழிலாளி துளைக் கருவியை வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். அவள் காதை அடைக்கும் கருவியைப் போட்டுக்கொண்டாள். மேலே கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். கணக்கில் ஏறியது மொழிப் பகுதியில் இறங்கிவிட்டது.

"மொத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்கு சார். இதோட விட்டுடலாமான்னு பாக்கறேன்" என்றாள்.

சில கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கை ஒரு நாளிலிருந்தும் மொழியை இன்னொரு நாளிலிருந்தும் எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதை அவளுக்கு விளக்கினேன். "கணக்கு வந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு நல்ல நாள் போதும். ரெண்டையும் ஒட்டிட்டா, உங்களவிடக் கெட்டிக்காரி ஒருத்தி கிடைப்பா" என்றேன். இந்தத் தடவை நிச்சயமாகச் சிரித்தாள். மூன்றாம் முறைக்குப் பதிவு செய்தாள்.

மூன்றாம் முறை அவள் வந்தபோது பல் மருத்துவரின் கட்டிட வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் எந்தக் கட்டிட வேலை சொன்ன நாளில் முடிந்திருக்கிறது. அன்று அந்தத் தொழிலாளி மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில் ஏணி போட்டு, பெயர்ப் பலகை மாட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கட்டிடத்தில் எல்லாரும் லிஃப்டில்தான் போவார்கள். படிக்கட்டில் காற்றும் தூசியும் மட்டும்தான் ஏறி இறங்கும். வரவேற்பு மேசைப் பெண்ணைக் கண்ணாடி அருகே உட்காரச் சொல்லிவிட்டு நான் மேலே போனேன்.

"அண்ணே, கீழ பரீட்சை நடக்குது. மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைங்களேன்."

"டாக்டர் நாளைக்குத் திறக்கணும்னு தலைமேல நிக்கிறாரு தம்பி. உங்க பசங்கள காதுல பஞ்சு வெச்சுக்கச் சொல்லுங்க."

"குடுத்திருக்கோம். போதல."

"அப்ப படிச்சது போதலன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பதில்தானே. சிரித்துக்கொண்டே ஏணியின் இரண்டு கால்களையும் விறைப்பாகப் பிடித்திருந்த தகட்டை என் காலால் தூக்கிவிட்டு, ஒரு காலை என் பக்கமாக இழுத்தேன். ஏணி மடிந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் இடுப்பு மோதி, அதைத் தாண்டி, கீழ்த் திருப்பத்தில் போய் விழுந்தார். துளைக் கருவி மட்டும் தரையில் கிடந்து தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் அதன் இணைப்பைப் பிடுங்கினேன். அதற்காகத்தானே போனேன்.

அவர் பெரிதாகக் கத்தினார். ஒரு கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. எலும்பின் ஒரு முனை காற்சட்டைத் துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. நான் உள்ளே வந்து படிக்கட்டுப் பக்கக் கதவைச் சாத்தினேன். தடித்த கதவு, ஆள் குரல் உள்ளே வராது. கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவ்வளவு நிம்மதியாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதி முடிந்து இடைவேளை வரும் வரை பொறுத்திருந்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அபாய ஒலி கேட்டால் நன்றாக இருக்காது.

அந்தத் தொழிலாளி உயிரோடுதான் இருக்கிறார். தடி வைத்து நடக்கிறாராம். ஏணி வழுக்கிவிட்டது என்றுதான் இன்றுவரை நம்புகிறார். தயவுசெய்து நீங்கள் அவரிடம் போய் உண்மையைச் சொல்லாதீர்கள். மனிதர்கள் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மூன்றாவது மதிப்பெண் அற்புதமாக இருந்தது. அதைவிட நல்ல மதிப்பெண்ணை நான் அந்த மையத்தில் அதிகம் பார்த்ததில்லை. அவள் வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள். "நம்பவே முடியல" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பி வந்து நேராக லிஃப்டில் ஏறிவிட்டாள். மேல்சட்டையை மறந்துவிட்டாள்.

சரி. மறக்கவில்லை. காத்திருப்பு நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள். அவள் முகம் கழுவப் போனபோது நான்தான் எடுத்து என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதில் தவறான எண்ணம் எதுவுமில்லை. அதை வாங்க அவள் ஒரு தடவை வருவாள். வந்தால், இப்போது இருக்கும் சூட்டோடு சூடாக இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாமே என்று எடுத்துச் சொல்லலாம். அவ்வளவுதான். மறுநாள் நானே தொலைபேசியில் அழைத்து, உங்கள் மேல்சட்டை இங்கே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். தற்செயல்தான்.

தலைக்கவசம் வந்தார்.

அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். தலைக்கவசம் முழங்கையில் தொங்கியது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மதியச் சாப்பாட்டு நேரம், வரவேற்பு மேசைப் பெண் கீழே போயிருந்தாள். மேல்சட்டையைக் கொடுத்தேன். அவர் டப்பாவை என் கையில் வைத்தார்.

"எல்லாருக்கும் குடுங்க சார். இன்னிக்குக் காலைல பதில் வந்துடுச்சு. அவளுக்கு இடம் கிடைச்சாச்சு."

"மூணாவது மார்க் நேத்துதானே வந்துச்சு. அதுக்குள்ள எப்படி?"

"அதெல்லாம் அவங்க பாக்கவே இல்ல சார். முதல் தடவை அனுப்பினாளே, அதையே பாத்து எடுத்துக்கிட்டாங்க. எங்களுக்கு அது போதுமே, மத்தது எதுக்கு அனுப்பறீங்கன்னு கேக்கறாங்க." அவர் சிரித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டாளா? இங்க யாரோ மறுபடி எழுதச் சொன்னாங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா. தூக்கமில்ல, சாப்பாடு இல்ல. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாங்க."

"மூணாவது மார்க் எவ்வளவு பெரிய மார்க்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சட்டம் போட்டு வீட்ல மாட்டிக்கறோம்."

"இன்னொரு தடவை எழுதினா இதவிடப் பெரிய இடமாவே…"

"எதுக்கு சார்? அவ ஆசப்பட்ட இடமே கிடைச்சுடுச்சு. விழுந்த பாலத்தப் பாக்க எந்த ஊரா இருந்தா என்ன."

"அப்ப இனிமே இங்க வர மாட்டாங்களா?"

"எங்க வர்றது. அடுத்த மாசம் கிளம்பறா. இனிமே உங்க மூஞ்சியும் எங்க மூஞ்சியும் பாத்துக்க வேணாம், நிம்மதி." என் தோளில் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார். "வரேன் சார்."

லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அவர் பொறுமையில்லாதவர், படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். நான் வழியனுப்பக் கூடவே போனேன். படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தீயணைப்புக் கலன் மாட்டியிருக்கும். போகிற போக்கில் அதைக் கழற்றிக்கொண்டேன். பிஸ்கட் டப்பாவை அதன் இடத்தில், தாங்கியின் மேல் வைத்தேன். கீழே போட மனசு வரவில்லை.

இங்கே நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் போதும் என்கிற மனிதர். இப்படிப்பட்டவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். முதல் மதிப்பெண்ணோடு திருப்தியாக இரு என்பார்கள். அந்தச் சோர்ந்த நாளின் மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவள் ஊர் விட்டு ஊர் போய், வாழ்நாளெல்லாம் அந்த முதல் நாளின் ஆளாகவே இருக்கப் போகிறாள். அவளுடைய நல்ல நாள் யாருக்கும் தெரியாமலே போகும். அதற்காக நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். சுத்தியலின் விரல்கள், அந்தத் தொழிலாளியின் கால், அவையெல்லாம் எதற்கு? சும்மாவா? யாராவது ஒருவர் அவற்றுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாமா?

அவர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். தலைக்கவசம் முழங்கையில். அதைத் தலையில் போட்டிருந்தால் இந்த வாக்குமூலமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் அடி சரியாக விழவில்லை. கலன் கனமானது, எனக்குப் பழக்கமும் இல்லை. காதை உரசிக்கொண்டு தோளில் இறங்கிவிட்டது. அவர் திரும்பி, "என்ன சார்" என்றார். கோபமாகக்கூட இல்லை. நான் ஏதோ கேட்டு, அவர் காதில் விழாமல் போனது மாதிரி. இரண்டாவது அடி நெற்றியில். படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அதைத் துடைக்கத் தங்கையின் மேல்சட்டையைத்தான் தூக்கினார். பிறகு அதில் கறை படும் என்று நினைத்தாரோ என்னவோ, அதைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் துடைத்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாவது அடி சுத்தமாக விழுந்தது. மண்டை ஓடு உள்ளே இறங்கியது கையில் தெரிந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆனாலும் இன்னும் ஓரிரண்டு தடவை அடித்தேன் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் அவற்றில் ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆம், நான்தான் கொன்றேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன் என்று நினைக்காதீர்கள். முதல் கேள்வியிலேயே சொல்லியிருப்பேன். வெறுமனே கொன்றேன் என்றால் உங்களுக்குத் தவறான எண்ணம் வந்துவிடும்.

பிறகு நான் செய்தது ஒரே ஒரு முட்டாள்தனம். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கை கழுவினேன். புதுச் சட்டை பாழாகிவிட்டது, அலுவலகக் குளிர் அங்கியைப் போட்டு மறைத்தேன். பிறகு என் மேசைக் கணினிக்குப் போய், அவளுக்கு நான்காம் முறைக்குப் பதிவு செய்தேன். விதியில் எவ்வளவு இடைவெளி சொல்லியிருக்கிறதோ, அது முடியும் முதல் நாளுக்கு. ஒரு நாள்கூட முந்தவில்லை. கட்டணத்தை என் அட்டையிலிருந்து கட்டினேன். அவள் செலவு செய்ய வேண்டாம் என்றுதான். பதிவு உறுதியானது என்று ஒரு செய்தி தானாகவே போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு அதை விளக்கியிருக்கிறேன். அண்ணன் வீடு திரும்பவில்லையே என்று அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் தேர்வு நாள் உறுதியானது என்று அது போய் நின்றிருக்கிறது. கூடவே கட்டணம் கட்டியவரின் பெயரும். உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு குழந்தைகூட என்னைக் கண்டுபிடித்திருக்கும்.

எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த நாள் இன்னும் வரவில்லை, பாருங்கள். பதிவு அப்படியேதான் இருக்கிறது. அவள் போய் எழுதலாம். இப்போது தடுக்க யாருமில்லை.

ஆனால் நேற்று நீங்கள் சொன்னது மட்டும் எனக்குப் புரியவில்லை. என் படத்தை அவளிடம் காட்டினீர்களாம். நெடுநேரம் பார்த்தாளாம். "அந்த ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் இருப்பாரு. இவரான்னு தெரியல" என்றாளாம். பாலத்தைப் பற்றி நாங்கள் பேசியதைக் கேட்டதற்கு, அங்கே யாரிடமும் எதுவும் பேசியதாக நினைவில்லை என்றாளாம். நீங்கள் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல.

அவள் அப்போது அழுதுகொண்டிருந்தாள் என்றும் நீங்களே சொன்னீர்கள். அதுதான் விஷயம், சார். உங்கள் அறையில் வெளிச்சம் சரியில்லை, நாலா பக்கமும் ஆட்கள் நடமாடுகிறார்கள், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. பதற்றத்தில் தெரிந்த விடையே மறந்துபோகும். நான் தினமும் பார்த்தவன். கொஞ்ச நாள் ஆறப்போடுங்கள். சத்தம் இல்லாத அறையாகப் பார்த்து அவளை உட்காரவைத்து, என் படத்தை இன்னொரு முறை காட்டுங்கள். அப்போது அவள் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.